கம்யூனிஸ்ட் அரசில் அமைச்சராக இருந்தவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆன கதை: வி. ஆர். கிருஷ்ணய்யர்

கேள்வி இதுதான்: கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அரசில் அமைச்சராக இருந்த கிருஷ்ணய்யர் பின்னால் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார் என்கிறார்களே, அரசியல்வாதி நீதிபதி ஆகலாமா? ஆனபிறகு அவருடைய தீர்ப்புகளில் கட்சி வாசனை அடித்ததா?

முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது. ஆகலாம். உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒருவர் பத்து ஆண்டு வழக்கறிஞராக இருந்திருந்தால் போதும் என்கிறது நம் அரசியல் சாசனம். அந்த இடைவெளியில் தேர்தலில் நின்றாரா, சட்டமன்றத்தில் உட்கார்ந்தாரா என்று அது கேட்பதில்லை. கிருஷ்ணய்யர் ஒருவர் மட்டும் இப்படி வந்தவரும் இல்லை. காங்கிரஸ் சார்பில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த கே. எஸ். ஹெக்டே 1957-ல் மைசூர் உயர் நீதிமன்ற நீதிபதியாகி, உச்ச நீதிமன்றம் வரை போய், 1973-ல் ராஜினாமா செய்துவிட்டு, 1977-ல் மக்களவைக்குத் தேர்வாகி சபாநாயகராகவும் ஆனார். அசாமின் பஹருல் இஸ்லாம் மாநிலங்களவையிலிருந்து நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து மறுபடி மாநிலங்களவைக்கே வந்தார்.

இரண்டாவது பாதிக்குத்தான் நிறைய பேச வேண்டும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசியல் வாசனை அடித்தது, நன்றாகவே அடித்தது. ஆனால் அது கட்சி ஆபீஸிலிருந்து வந்த வாசனை இல்லை. பெரும்பாலும் ஜெயிலிலிருந்து வந்தது.

அவர் 1915 நவம்பர் 15 அன்று பாலக்காட்டில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். வீட்டில் பேசியது பாலக்காட்டுத் தமிழ். அப்பா ராமய்யர் கொயிலாண்டியில் வக்கீல். மகன் பாலக்காடு விக்டோரியா கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னை சட்டக் கல்லூரி என்று படித்து முடித்து, 1930-களின் கடைசியில் தலச்சேரியில் வக்கீல் தொழிலை ஆரம்பித்தார். நம்மூர்க்காரர் என்று சொந்தம் கொண்டாட இதுவே போதும். மலையாளிகள் விட்டுத்தர மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

வட மலபார் அன்று விவசாயிகள் போராட்டத்துக்குப் பேர்போன பகுதி. குத்தகைதாரர், பீடித் தொழிலாளி, கட்சிக்காரர் என்று போலீஸ் பிடித்துப் போடுகிறவர்களுக்கு வாதாட ஆள் வேண்டும். கட்டணம் தர முடியாத அவர்களுக்காக வாதாடியவர்களில் கிருஷ்ணய்யரும் ஒருவர். 1948-ல் கம்யூனிஸ்ட்கள் மேல் அரசு பாய்ந்தபோது, அவர்களுக்குச் சட்ட உதவி செய்தார் என்று சொல்லி அவரையே உள்ளே தூக்கிப் போட்டார்கள். சுமார் ஒரு மாதம் சிறையில் இருந்தார். வக்கீலாக வெளியிலிருந்து பார்த்த ஜெயிலைக் கைதியாக உள்ளிருந்து பார்த்தது அப்போதுதான். அந்த ஒரு மாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் கழித்து அது தீர்ப்புகளில் திரும்பி வரும்.

1952-ல் கூத்துப்பறம்பு தொகுதியிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்குப் போனார், சுயேச்சையாக. ராஜாஜி முதல்வராக இருந்த அதே சட்டமன்றம். மொழிவாரி மாநிலம் பிரிந்து மலபார் கேரளத்தோடு சேர்ந்ததும், 1957-ல் தலச்சேரியில் கம்யூனிஸ்ட் ஆதரவோடு, மறுபடியும் சுயேச்சையாக நின்று வென்றார். இ. எம். எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் சட்டம், உள்துறை, சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் என்று ஒரு கூடை இலாகாக்கள் அவர் கையில் வந்தன. ஒன்பது வருஷத்துக்கு முன் கைதியாக இருந்தவர் இப்போது சிறைத்துறை அமைச்சர். ஏழைகளுக்கு அரசுச் செலவில் வக்கீல் வைக்கும் ஏற்பாட்டையும், சிறை விதிகளில் சீர்திருத்தத்தையும் அவர் தொடங்கியது இங்கேதான்.

அந்த அரசு எல்லாவற்றிலும் நல்ல பெயர் எடுத்தது என்று சொல்ல முடியாது. 1959 ஜூன் 13 அன்று அங்கமாலியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஏழு பேர் இறந்தார்கள். விமோசன சமரம் என்று அழைக்கப்பட்ட அரசு எதிர்ப்புப் போராட்டம் அதற்குப் பிறகு இன்னும் சூடு பிடித்தது. அமைச்சரவையில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பொறுப்பில் பங்கு உண்டு, பின்னாளில் மனித உரிமைக்குப் பெயர் வாங்கிய இவருக்கும். ஜூலை 31 அன்று மத்திய அரசு 356-வது பிரிவைப் பயன்படுத்தி ஆட்சியைக் கலைத்தது. 1960 தேர்தலில் கிருஷ்ணய்யர் தலச்சேரியில் ஏழே ஏழு வாக்கில் தோற்றார். விடவில்லை. தேர்தல் வழக்குப் போட்டு, வென்று, சட்டமன்றத்துக்குள் போனார். 1965-ல் தோற்றபிறகு தேர்தல் அரசியல் போதும் என்று கறுப்பு அங்கிக்கே திரும்பிவிட்டார்.

1968-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1971-ல் இருந்து மத்திய சட்ட ஆணையத்தில் உறுப்பினர். 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றம். கடைசிப் படியில்தான் பெரிய ரகளை.

அந்த நேரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1973 ஏப்ரலில், அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த கையோடு, மூப்பு வரிசையில் இருந்த ஷெலட், ஹெக்டே, குரோவர் மூன்று பேரையும் தாண்டி ஏ. என். ரேயைத் தலைமை நீதிபதி ஆக்கியது இந்திரா அரசு. மூவரும் ராஜினாமா செய்தார்கள். முன்னே சொன்ன ஹெக்டே இவர்தான். நீதிபதியின் சமூகப் பார்வையையும் அரசு கணக்கில் எடுக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் அடித்துப் பேசியவர் மத்திய அமைச்சராக இருந்த நம் மோகன் குமாரமங்கலம், அவரும் பழைய கம்யூனிஸ்ட். மே மாதக் கடைசியிலேயே விமான விபத்தில் இறந்துபோனார். இந்தச் சூட்டில் இன்னொரு முன்னாள் ‘சிவப்பு’ அமைச்சரை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தால் வக்கீல்கள் என்ன நினைப்பார்கள்? அரசுக்குத் தலையாட்டப்போகும் நீதிபதி என்றுதான். பம்பாய் வழக்கறிஞர்கள் பலர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். சோலி சொராப்ஜியும் அதில் ஒருவர். தான் நினைத்தது தவறு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொள்ள வைத்தது எது என்றால், எல்லோரும் 1975 ஜூன் 24-ஐத்தான் காட்டுவார்கள்.

ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, ரேபரேலியில் இந்திரா காந்தி 1971-ல் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எதிர்த்து வழக்குப் போட்டவர் ராஜ் நாராயண். உச்ச நீதிமன்றம் கோடை விடுமுறையில் இருந்தது. விடுமுறைக்கால நீதிபதியாகத் தனியாக உட்கார்ந்திருந்தவர் கிருஷ்ணய்யர். சட்ட அமைச்சர் எச். ஆர். கோகலே தொலைபேசியில் அழைத்து நேரில் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். மேல்முறையீடு என்றால் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள், என்னைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று அனுப்பிவிட்டார். தன்னை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிய அரசின் அமைச்சரிடம் சொன்ன பதில் இது.

இந்திராவுக்காக வாதாடியவர் பால்கிவாலா. அலகாபாத் தீர்ப்புக்கு முழுத் தடை வேண்டும் என்றார். ராஜ் நாராயணுக்காக வந்த சாந்தி பூஷண் தடையே கூடாது என்றார். கிருஷ்ணய்யர் கொடுத்தது நிபந்தனையோடு ஒரு தடை. பிரதமராக நீடிக்கலாம், மக்களவைக்குப் போகலாம், பேசலாம். ஆனால் உறுப்பினர் என்ற முறையில் ஓட்டுப் போடக் கூடாது, அதற்கான சம்பளமும் வாங்கக் கூடாது. தேர்தல் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வழக்கமாகக் கொடுத்து வந்த தடையும் இப்படிப்பட்டதுதான். சாதாரண எம்.பி.க்கு என்னவோ அதுவே பிரதமருக்கும். மறுநாள் மாலை ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் கூட்டம், இரவில் நெருக்கடி நிலை. பால்கிவாலா வழக்கையே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த உத்தரவை இரண்டு பக்கமும் திட்டுகிறார்கள். முழுத் தடை கொடுத்திருந்தால் நெருக்கடி நிலை வந்திருக்காது என்பார்கள் சிலர். தடையே கொடுக்காமல் இருந்திருந்தால் அம்மையார் பதவி விலகியிருப்பார் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே ஜோசியம் என்பது என் எண்ணம். நாட்டில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தால் அதுதான் அரசியல்வாதியின் தீர்ப்பு ஆகியிருக்கும். அவர் கணக்குப் போடவில்லை.

சரி, இப்போது ஜெயிலுக்கு வருவோம். அவருடைய உண்மையான சாதனை அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

சுனில் பத்ரா திகார் சிறையில் மரண தண்டனைக் கைதி. மேல்முறையீடு எல்லாம் பாக்கி இருக்கும்போதே அவரைத் தனிமைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். அதே வழக்கோடு சேர்ந்து வந்த சார்லஸ் சோப்ராஜுக்கு இரவு பகலாகக் கால்விலங்கு. நீதிபதிகள் திகாருக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். சிறைக் கதவைத் தாண்டி உள்ளே போகும் ஆள் தன் அடிப்படை உரிமைகளை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவதில்லை என்பதுதான் 1978 தீர்ப்பின் சாரம். தூக்குத் தண்டனை இறுதியாகும் வரை, அதாவது கருணை மனு வரை எல்லா வழியும் முடியும் வரை, ஒருவரைத் தனிமையில் பூட்டச் சட்டத்தில் இடமில்லை என்று ஆயிற்று. அதே பத்ரா அப்புறம் ஒரு கடிதம் எழுதினார். உறவினர்களிடம் பணம் பிடுங்குவதற்காகச் சக கைதி ஒருவரைச் சிறைக் காவலர் சித்திரவதை செய்தார் என்று. வக்காலத்து இல்லை, முத்திரை இல்லை, வெறும் கடிதம். அதையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டார்கள். கடிதம் எழுதினாலே நீதிமன்றம் கேட்கும் என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்கிற விஷயத்துக்கு இதுவும் ஒரு விதை. பொதுநல வழக்கு என்றதும் நீதிபதி பி. என். பகவதி பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பாதிக்கப்பட்டவரே வர முடியாதபோது வேறொருவர் வழக்குப் போடலாம் என்ற வாதத்தை 1976-லேயே, பம்பாய்த் தொழிலாளர்களின் போனஸ் வழக்கு ஒன்றில், கிருஷ்ணய்யர் எழுதிவிட்டார்.

கைவிலங்கு விஷயமும் அப்படித்தான். விசாரணைக் கைதியை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகும்போது வழக்கமாக மாட்டிவிடுவது கூடாது, தப்பி ஓடுவார் என்பதற்குத் தக்க காரணம் இருந்தால் எழுதிவைத்து மாட்டு என்று 1980-ல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் சொன்னார்.

ஜாமீன் தீர்ப்புகளில் எனக்குப் பிடித்தது மோத்திராம் வழக்கு, 1978. மத்தியப் பிரதேசத்தில் மோத்திராம் என்ற கொத்தனார். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்துவிட்டது. கீழே இருந்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். தம்பி ஜாமீன் நிற்க வந்தார். உன் சொத்து வேற மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்று திருப்பி அனுப்பினார். கூலிக்குக் கல் அடுக்குகிறவருக்கு அன்றைய பத்தாயிரம் என்றால் என்ன? கிருஷ்ணய்யர் தொகையை 1,000 ரூபாயாக்கி, சொந்தப் பிணையில் விடச் சொன்னார். ஒரு தமிழனோ மலையாளியோ வடக்கே எங்கோ பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் அங்கே நிலபுலன் உள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று அந்தத் தீர்ப்பில் கேட்கிறார். ‘ஜாமீன்தான் விதி, சிறை விலக்கு’ என்று இன்று எல்லா டிவி விவாதத்திலும் வருகிறதே, அதுவும் 1977-ல் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் அவர் சொன்னதிலிருந்து வந்ததுதான்.

ஏழைக்கு வக்கீல் என்ற கேரளத்து யோசனையையும் அவர் விடவில்லை. மத்திய அரசு அமைத்த சட்ட உதவிக் குழுவுக்குத் தலைவராக இருந்து 1973-ல் அறிக்கை கொடுத்தார். 1976-ல் அரசியல் சாசனத்தில் இலவசச் சட்ட உதவி பற்றிய 39ஏ பிரிவு சேர்ந்தது. 1978-ல் ஹோஸ்கோட் வழக்கில், மேல்முறையீட்டுக்கு வக்கீல் வைக்க முடியாத கைதிக்கு அரசு வக்கீல் வைத்துத்தர வேண்டும், தீர்ப்பு நகலையும் இலவசமாகக் கையில் கொடுக்க வேண்டும் என்று அவரே எழுதினார். 1987-ல் சட்டமே வந்தது. இன்று உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ‘சட்டப்பணிகள் ஆணைக்குழு’ என்று பலகை தொங்குகிறது இல்லையா, அதன் வேர்களில் ஒன்று தலச்சேரி வரை போகிறது.

சிறைக்கு வெளியிலும் சில உண்டு. மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகராட்சி, சாக்கடை கட்டப் பணம் இல்லை என்று கைவிரித்தது. சுகாதாரம் உன் கடமை, பணமில்லை என்பது பதில் ஆகாது, கட்டு என்றது 1980 தீர்ப்பு. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி. பி. முத்தம்மா, தனக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து வந்தார். பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது! வழக்கு முடிவதற்குள் அரசு பதவி உயர்வு கொடுத்துவிட்டதால் மனு தள்ளுபடியானது. ஆனால் ஆணுக்கு இல்லாத இந்த விதி பெண்ணுக்கு எதற்கு என்று அவர் போட்ட போடு இருக்கிறதே, தள்ளுபடி செய்த தீர்ப்பு என்றே யாருக்கும் ஞாபகம் இல்லை.

இவ்வளவு நேரம் புகழ்ந்தாயிற்று. எங்கே அவர் அரசியல் அவரை இழுத்துக்கொண்டு போனது என்றும் சொல்ல வேண்டும்.

மரண தண்டனை ஒன்று. அவருக்கு அது மனதார ஒப்பவில்லை. 1979-ல் ராஜேந்திர பிரசாத் வழக்கில், சமூகத்துக்குத் தொடர்ந்து ஆபத்தாக இருப்பவருக்கு மட்டும்தான் தூக்கு என்கிற அளவுக்குக் குறுக்கினார். நோக்கம் எனக்கும் பிடிக்கும். ஆனால் நாடாளுமன்றம் சட்டத்தில் வைத்த ஒன்றை மூன்று பேர் அமர்வில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்குவது சரியான வழியா? கூட இருந்த ஏ. பி. சென் இதைத்தான் கேட்டு மாறுபட்டார். அடுத்த வருஷமே பச்சன் சிங் வழக்கில் ஐந்து பேர் அமர்வு அந்தக் குறுக்கலை ஏற்கவில்லை. ‘அரிதிலும் அரிதான வழக்கு’ என்ற அளவுகோல் அப்போது வந்தது.

சொத்து இன்னொன்று. 1977-ல் கர்நாடகத் தனியார் பேருந்துகளை அரசு எடுத்துக்கொண்ட வழக்கு, ரங்கநாத ரெட்டி. பொது நன்மைக்காகப் பகிரப்பட வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 39(பி) பிரிவு சொல்லும் ‘சமூகத்தின் பொருள் வளங்கள்’ என்பதற்குள் தனியார் சொத்தும் அடங்கும் என்று எழுதினார். ஏழு பேரில் மூவர் அந்தப் பக்கம். மற்ற நால்வரும், முடிவு சரி, ஆனால் இந்தக் கருத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று தனியாகச் சொல்லிவிட்டார்கள். இருந்தும் சிறுபான்மையின் அந்தக் கருத்து பின்வந்த தீர்ப்புகளில் ஏறி நாற்பது வருஷத்துக்கும் மேல் நின்றது. 2024 நவம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வில் பெரும்பான்மை அதை ஏற்க மறுத்தது. கிருஷ்ணய்யர் கோட்பாடு அரசியல் சாசனத்தின் விரிந்த தன்மைக்குக் கேடு செய்கிறது என்ற மாதிரித் தலைமை நீதிபதி சந்திரசூட் சொன்னதற்கு, அதே அமர்வில் இருந்த நாகரத்னாவும் துலியாவும் ஆட்சேபம் தெரிவித்தார்கள். இறந்து பத்து வருஷம் ஆனவருக்காக நீதிபதிகள் தங்களுக்குள் வாக்குவாதம் செய்தது அபூர்வம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இடதுசாரி என்று முத்திரை குத்தப்பட்ட இவர்தான் 1976-ல் கேரள அரசு எதிர் என். எம். தாமஸ் வழக்கில், இட ஒதுக்கீட்டின் பலனை மேலே மிதக்கும் பாலாடையே, அதாவது அந்தப் பிரிவுகளில் ஏற்கெனவே முன்னேறியவர்களே, எடுத்துக்கொள்கிறது என்று எச்சரித்தார். ‘கிரீமி லேயர்’ என்ற சொல் நம் சட்டத்துக்குள் நுழைந்தது அங்கேதான். தமிழ்நாட்டில் சமூக நீதி பேசுகிறவர்களுக்குப் பிடிக்காத சொல். எந்தப் பக்கத்தவரும் அவரை முழுசாக எடுத்துக்கொள்ள முடியாது.

1980 நவம்பரில் ஓய்வு பெற்று எர்ணாகுளம் வந்தார். அதற்குப் பிறகு முப்பத்து நான்கு வருஷம் அவர் வீடு ‘சத்கமயா’ ஒரு மனு வாங்கும் ஆபீஸ் மாதிரியே இருந்தது. 1987-ல் எதிர்க்கட்சிகள் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தின. எதிரே காங்கிரஸ் வேட்பாளர் ஆர். வெங்கட்ராமன். இருவரும் சென்னை சட்டக் கல்லூரி, இருவரும் தொழிலாளர் வழக்குகளில் பழகியவர்கள், இருவருக்கும் வீட்டுமொழி தமிழ். வாக்கு மதிப்பு 7,40,148-க்கு 2,81,550. தோல்வி முன்பே தெரிந்ததுதான். 2002 குஜராத் கலவரம் பற்றி விசாரித்த குடிமக்கள் தீர்ப்பாயத்துக்குத் தலைமை வகித்தார். ராஜீவ் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவர்களைக் காப்பாற்றவும் குரல் கொடுத்தார். அப்படிப்பட்டவர் 2013-ல் நரேந்திர மோடியை வாழ்த்தி எழுதியபோது பழைய தோழர்கள் திகைத்துப்போனார்கள். முதுமை என்றார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரிடமும் கேட்டு எழுதும் பழக்கம் அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை. 2014 டிசம்பர் 4 அன்று, நூறாவது வயதில் கால் வைத்த சில வாரங்களில் இறந்தார்.

அவருடைய தீர்ப்புகளைப் படிக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. ஆங்கிலம் பயமுறுத்தும். நம் மேடைப் பேச்சின் அடுக்குமொழி மாதிரி மோனை தட்டி எழுதுவார், பக்கத்துக்கு ஐந்து தடவை அகராதியைத் திறக்க வேண்டி வரும். பெரிய தீர்ப்பில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் மோத்திராம், அது சின்னது. அடுத்து ரத்லம். அப்புறம் 1975 ஜூன் 24 உத்தரவு. அலங்காரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, கடைசியில் யாருக்கு என்ன செய்யச் சொல்கிறார் என்பதை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். சுனில் பத்ராவுக்கு வரும்போது பழகியிருக்கும்.